சன்னா வீட்டு விளக்கும் வானத்துக் கோழியும்

என் மனைவி மீக்கி எங்கள் கரூ வறள்வெளியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். போன ஆண்டு அவளுக்கு ஓடும் கோழியைப் படம் பிடித்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. தென்சிலுவை விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் தானே ஒளிரும் சிவப்பு வாயு மேகம், ஒரு நெபுலா, அதன் பெயர்தான் அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

பழைய கேமரா ஒன்றை வாங்கி, சிவப்பொளியைத் தடுக்கும் உள்கண்ணாடியைச் சமையலறை மேசையிலேயே கழற்றினாள். வானம் நகரும் வேகத்தில் கேமராவும் திரும்ப வேண்டுமே, அதற்கு இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு சின்ன மோட்டார். முதல் இரண்டு இரவும் நட்சத்திரங்கள் அரிசிமணி போல நீண்டுபோயின. மூன்றாம் இரவு புள்ளிகளாகவே விழுந்தன, ஆனால் படம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. காரணம் பக்கத்து வீட்டு அம்மாள் சன்னா; ஊரே அவரை டானி, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும். நரிக்குப் பயந்து கோழிக்கூட்டில் விடியவிடிய விளக்கு எரிய விடுகிறவர்.

காலையில் போய்க் கேட்டோம்.

"டானி, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் கூட்டு விளக்க அணைச்சு வைங்களேன்" என்றாள் மீக்கி. "வானத்துல ஒரு கோழி இருக்கு. அதப் படம் பிடிக்கணும்."

சன்னா என்னைப் பார்த்தார். இவள் குடிக்க ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்கிற பார்வை.

"உன் ஒரு கோழிக்காக என் பதினாலு கோழியையும் நரிக்குக் குடுக்கணுமாக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, அணைக்கிறேன். உன் புருசன் கூட்டுக்குள்ள உக்காந்து காவல் காக்கட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு நான் ஒரு கம்போடும் கம்பளியோடும் கூட்டுக்குள் இருந்தேன். மே மாதக் குளிர். ஒரு பெட்டை என் மடியிலேயே படுத்துவிட்டது. சன்னா காப்பியும் ரஸ்க்குமாகப் போய் மீக்கியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நிமிடத்துக்கு ஒரு படம், மொத்தம் நாற்பது. நடந்தால் கேமராவின் முக்காலி ஆடும், நடக்கக்கூடாது என்று மீக்கி சொல்லியிருந்தாள். பேசக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள். ஊர்வம்பு முழுவதும் கம்பிவலை வழியாக என் காதுக்கு வந்து சேர்ந்தது.

பத்தரை மணிக்கு மேல் சன்னா வீறிட்டார். சிவப்பு, சிவப்பு என்று மட்டும் கேட்டது. ரத்தம் என்று நினைத்து, கூட்டுக் கதவை உதைத்துச் சாத்திவிட்டு ஓடினேன். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மடிக்கணினியைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

தனிப் படத்தில் நட்சத்திரங்கள் மட்டுமே. நாற்பதையும் கணினி ஒன்றாகக் கூட்டியதும், உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு மேகம்.

"கோழி எங்க?" என்றேன்.

மீக்கி அலகைக் காட்டப் பார்த்தாள். சிரிப்பில் விரல் நிற்கவில்லை. சன்னா கணினியைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினார். "இப்பப் பாரு. அலகுன்னு நீ காட்டுனது காலுடி. நான் கோழி வளக்குறவ, எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் என் கையிடுக்கில் அந்தப் பெட்டை இன்னும் இருப்பதை இருவரும் பார்த்தார்கள். மீக்கி முதலில் என்னை முத்தமிட்டாள், அப்புறம் அதையும்.

இந்த ஒளி கிளம்பி ஆறாயிரம் வருசத்துக்கு மேலாகிறது என்று மீக்கி சொன்னதும் சன்னா கணினியை நிமிர்த்தி வைத்தார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி கூட்டிக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. மூன்று தடவை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், தான் எடுத்த படம் என்றே எல்லோரிடமும் அதைக் காட்டினார். சிரிப்பை அடக்க மீக்கி என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள்.