லாரிக்கு இரண்டு வரி

1987 பிறந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனியின் கணக்கு ஆண்டு இனி டிசம்பரில் முடியாது, ஜூனில் முடியும். திகாம் பத்து என்ற ஊரிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ராமையா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“முன்னூத்திப் பன்னெண்டு சாமான், தங்கச்சி. ஒவ்வொண்ணுக்கும் இந்த ஆறு மாசத்துக்குத் தனியா தேய்மானம் போடணும். அதுக்கப்புறம் வர்ற வருஷத்தையெல்லாம் திருத்தணும். என் கை போயிரும்லா.”

“கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கட்டுமாண்ணே?” என்றாள் கேதரின்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஆபீசில் கணக்கு எழுதுபவள். போன வருடம் வந்த கம்ப்யூட்டருக்காக அவளைத்தான் மூன்று நாள் பயிற்சிக்குப் பினாங்குக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து அதில் சம்பளப் பட்டியல் மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிப் புத்தகத்தின் கடைசியில் மேக்ரோ என்று ஒரு பாடம் இருந்தது. நாம் விசைப்பலகையில் வரிசையாகச் செய்கிற வேலையைத் திரையின் ஓர் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால், இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கியதும் கம்ப்யூட்டர் அதை அப்படியே செய்துகொண்டு போகும். வாங்கிய விலையை எடு, ஆயுளால் வகு, இந்த ஆண்டுக்குப் பாதியைக் கழி, அடுத்த ஆண்டுக்கு முழுசாகக் கழி, கீழ் வரிக்குப் போ. இதை எழுதி முடிக்க அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

முதல் தடவை ஓட்டியபோது ஸ்டோரில் இருந்த பழைய தராசின் மதிப்பு பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே இறங்கி, மைனஸ் நானூறு வெள்ளி என்று வந்து நின்றது.

ராமையா எட்டிப் பார்த்தார். “தராசு நமக்கே கடன்பட்டிருக்கும் போல இருக்கே!”

சிரித்துக்கொண்டே கேதரின் இன்னொரு வரி சேர்த்தாள். பூஜ்யம் வந்தால் அதோடு நில். மறுபடி அமுக்கினாள். எண்கள் பத்திபத்தியாக நிரம்பிக்கொண்டே இறங்கின. ராமையாவின் காப்பி ஆறுவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. அவர் பத்து வரியைக் கையால் போட்டுச் சரிபார்த்தார். ஒரு காசு பிசகவில்லை. அன்று மாலை கேதரின் வீட்டுக்கு நடந்துபோன நடையே வேறு மாதிரி இருந்தது.

பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. கணக்கைப் பாராட்டி ஒரு வரி. அதற்குக் கீழே, மதிப்பு பூஜ்யமாகிவிட்ட வாகனங்களை ஜூனுக்குள் விற்றுவிடும்படி ஓர் உத்தரவு. அப்படிப்பட்ட வாகனம் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. 1973இல் வாங்கிய சிவப்பு லாரி. அதை ஓட்டுபவனும் பழுது பார்ப்பவனும் ஆர்தர், கேதரினின் கணவன்.

காலையில் ரப்பர் பால் பீப்பாய்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் லாரி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சு போட்டு, வேதக்காரக் குடும்பங்களை சுங்கை பட்டாணி மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகும். யாருக்காவது இடுப்புவலி கண்டால் ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

சாயங்காலம் ஆர்தர் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

“அந்தப் பட்டியல நீதான் போட்டியா?”

“கம்ப்யூட்டர் போட்டுச்சுங்க.”

“கம்ப்யூட்டர் தானா வந்து ஒக்காந்து போட்டுச்சா?”

அவன் சத்தம் போடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தட்டு கழுவப்பட்டு கவிழ்ந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும்போது அவள் முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பெண்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேடு வந்தது. லாரி மூச்சு வாங்காமல் ஏறியது.

“இதப் போயி ஒண்ணுக்கும் ஆவாதுன்னு எழுதிட்டியே, கேதி,” என்றான் ஆர்தர் ரோட்டைப் பார்த்தபடி. “இந்த இஞ்சினுக்கு மூணு வயசுதான். எம்பத்தி நாலுல பட்டர்வொர்த்துக்கு நானே போயி புதுசா வாங்கிட்டு வந்தேன். மறந்துட்டியா?”

“இஞ்சினையே மாத்துனீங்களா? ரிப்பேருன்னுல்ல நெனச்சேன்.”

“ரிப்பேரா! எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி இஞ்சின், இவளுக்கு ரிப்பேராம்.”

அன்று பாதர் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் கேதரினுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கணக்கில் வண்டிக்குப் போடும் ஆயுள் ஐந்து வருடம்; மனசு எட்டாயிரத்து ஐந்நூறை ஐந்தால் வகுத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை 1984இன் ரசீதுக் கட்டை எடுத்துப் புரட்டினாள். ஜூலை மாதத்தில் கிடைத்தது. புது இஞ்சின், விலை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் ‘ரிப்பேர்ச் செலவு’ என்று எழுதியிருந்தது; அதனால்தான் அது சொத்துப் பட்டியலில் ஏறவில்லை. அது ராமையாவின் கையெழுத்து.

அதை அவரிடம் கொண்டுபோக அவளுக்குக் கால் வரவில்லை. முப்பது வருடக் கணக்கில் ஆடிட்டர் ஒரு பிழைகூடக் கண்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர் அவர். பத்து மணி காப்பி வரட்டும் என்று காத்திருந்து, ரசீதை அவர்முன் வைத்தாள்.

“ராமையாண்ணே, இது சொத்துல ஏறியிருக்கணும் இல்லீங்களா?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“என் கைதான்,” என்றார் மெதுவாக. “அந்த மாசம் நான் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்தேன். அதெல்லாம் சாக்கு. தப்பு தப்புதான்.” பிறகு அவளைப் பார்த்தார். “நீ எழுதாத. நானே எழுதுறேன். என் பேருலதான் போவணும்.”

அவர் கடிதம் எழுதிய நேரத்தில் அவள் பட்டியலில் லாரிக்கு இரண்டு வரி போட்டாள். வண்டிக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று. விசைகளை அமுக்கினாள். வண்டி வரி பூஜ்யத்தோடு நின்றது. இஞ்சின் வரியில் 1987 ஜூனில் மூவாயிரத்து நானூறு மிச்சம் இருந்தது. அடுத்த ஆண்டு ஆயிரத்து எழுநூறு. 1989 ஜூனில்தான் பூஜ்யம்.

ஆடிட்டர் வந்து ரசீதைப் பார்த்து ஒப்புக்கொண்டார். 1989 வரை லாரி ஓடலாம் என்று பதில் வந்தது. கேதரின் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே ஓடினாள். லாரிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

“ரெண்டு வருஷம் குடுத்திருக்காங்க!”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ராத்திரிக்கு நண்டு வாங்கிட்டு வரட்டுமா?”

அதற்குப் பிறகு ஆர்தருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எந்தப் பில்லாக இருந்தாலும் நேரே ஆபீசுக்கு எடுத்து வந்து அவள் மேசையில் வைப்பான்.

“பேன் பெல்ட்டு. சொத்துல போடு.”

“பேன் பெல்ட்டு ரிப்பேருதாங்க.”

“டயரு?”

“டயரும் ரிப்பேருதான்.”

“நாலு டயருலா, கேதி!”

ராமையா லெட்ஜருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

1989 ஜூலையில் யான் என்ற ஊரில் நெல் வியாபாரம் செய்யும் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, லாரியை ஏலத்தில் எடுத்தார். கொண்டுபோய் விடுவதற்கு ஆர்தரே போனான். கேதரின் லீவு போட்டுவிட்டு உடன் போனாள். தவுக்கேயிடம் அவன் கிளட்சைப் பற்றியும் மழைநாளில் ஸ்டார்ட் செய்கிற விதத்தைப் பற்றியும் அரை மணி நேரம் மலாயில் விளக்கினான். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ். இரண்டு பக்கமும் வயல், ஒரு பக்கம் கூடவே வந்த மலை. ஜன்னலோரம் உட்கார்ந்த ஆர்தர் பஸ்ஸின் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், இஞ்சின் சத்தத்தைக் கேட்டான்.

“கேதி, இந்த பஸ்ஸுக்கு எத்தன வருஷம் போட்டிருப்பாங்க?”

“அஞ்சு,” என்றாள் அவள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.