காலி நின்ற பட்டறை

ஆற்றில் வெள்ளம் வந்து அறுபத்திரண்டு மணி நேரம் கழித்து, குதிரை இல்லாமல் சேணம் மட்டும் வீடு திரும்பியது. முன்னால் கடிவாளம், ஒரு குதிரையின் தலை இருக்க வேண்டிய உயரத்தில் லேசாக ஆடியபடி வந்தது. ஒரு கழுத்தின் நீளம் விட்டு, பின்னால் சேணம். அதன் அடியில் வயிற்றுவார், கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றி இறுகியிருந்தது. குளம்புச் சத்தம் கேட்டது, கல் பாவிய தெருவில் ஈரத் தடங்கள் விழுந்தன. சேணக்காரரின் பட்டறை வாசலுக்கு வந்ததும் எல்லாம் நின்றது. வயிற்றுவார் மட்டும் மூச்சுக்குத் தக்கபடி விரிந்து சுருங்கியது. எதிர்க்கடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, மாப்ள குதிரை வந்திருச்சு!" என்று கூவினார். இன்னொரு முறை பார்த்துவிட்டு, "குதிரையைத்தான் காணோம்" என்றார்.

சேணக்காரர் குத்தூசியைக் கீழே வைக்க மறந்து கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தச் சேணத்தை அவர்தான் செய்திருந்தார், மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோகும் வேலை. பாலம் இல்லாத ஆறு, குதிரையில்தான் கடக்க வேண்டும். சேணக்காரர் இடது பக்கம் போனார், பிறகு வலது பக்கம் போனார். இரண்டு பக்கமும் கால் வைக்கும் அங்கவடிகளைப் பிடித்து ஏதோ சரிசெய்தார். அதன் பிறகுதான் மகளைக் கூப்பிட்டார். ரொட்டிக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் குதிரையே இல்லாத இடத்தில் அங்கவடியை யார் கவனிப்பார்கள்? மகள் ஈரக் கையோடு ஓடி வந்தபோது, கால் வைக்க ஆளில்லாமல் இரண்டு அங்கவடிகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. "அவரு எங்கேப்பா?" என்றாள். "ஆறும்மா..." என்றார்.

ஒரு வாரம் ஆற்றோரம் தேடினார்கள். மனிதனும் கிடைக்கவில்லை, குதிரையும் கிடைக்கவில்லை. சேணத்தின் இரண்டு பைகளும் காலியாக இருந்தன, அவற்றின் பக்கிள்கள் மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தன. மருந்தை ஆறு கொண்டுபோயிற்று என்றார்கள். ஆறு பக்கிளைத் திரும்பப் போட்டுவிட்டுப் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. மருமகன் முழுகிவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது, மகளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. சேணத்தை இறக்கலாம் என்று அப்பா போனபோது மட்டும் குறுக்கே வந்து நின்றாள். "அவரு கட்டினதுப்பா. அவரே வந்து அவுக்கட்டும்."

அப்படித்தான் அது பட்டறையின் மூலையில், தோல் சுருள்களுக்குப் பக்கத்தில், நிரந்தரமாக நின்றது. ரொட்டிக்கடைக்காரர் அதற்குக் காலி என்று பெயர் வைத்தார். வைக்கோலைத் தொடாது, வாளித் தண்ணீர் மட்டும் குறையும். சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் நடுவே கையை நீட்டினால் எதுவும் தட்டாது, கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். குளிர் காலத்தில் பக்கத்து வீட்டுப் பூனை அந்தச் சூட்டுக்கு அடியில் வந்து தூங்கியது. வரி போட வந்த அதிகாரி, இதைப் பிராணியாக எழுதுவதா சாமானாக எழுதுவதா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, வெளியே மழை விட்டதும் போய்விட்டார். "தீனிச் செலவு இல்லாத குதிரை. உங்க யோகம்ண்ணே" என்பார் ரொட்டிக்கடைக்காரர். சேணக்காரர் சிரிக்க மாட்டார்.

வாடிக்கையாளர்கள் கடை வாசலில் குதிரையை விட்டு இறங்குவார்கள். இறங்கியதும் அங்கவடியை அது தொங்கும் வாரின் மேல் சரித்து ஏற்றி, வாரின் நுனியை அதற்குள் செருகுவார்கள். ஆளில்லாமல் நடக்கும் குதிரையின் விலாவில் இரும்பு இடிக்கக் கூடாது என்பதற்காக. சிலர் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு நாளும் விட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட, மொத்தக் கூட்டமும் வாசலில் காத்துக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் நிதானமாகச் செருகிவிட்டுத்தான் உள்ளே வந்தான். "பொண்ணைவிடக் குதிரைமேலதான் கரிசனம்" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அப்போது மகள் சிரித்தாள்.

ஆண்டுகள் போயின. மகள் அப்பாவோடு உட்கார்ந்து தைத்தாள். லகான், தலைவார், மார்வார் என்று எது அறுந்து வந்தாலும் அவளுடைய தையல்தான் நின்றது. வாரம் ஒரு முறை காலியின் தோல் முழுவதற்கும் எண்ணெய் பூசினாள், ஒரு விரற்கடை விடாமல். காலி மெலிந்துகொண்டே வந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வயிற்றுவார் தொளதொளத்துச் சேணம் சரியும். அப்போதெல்லாம் சேணக்காரர் வாரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இறுக்குவார். கையுறை தைக்கிறவர் ஒருவர், மனைவியை இழந்தவர், மகளைக் கேட்டு இரண்டு தடவை வந்தார். நல்ல மனிதர், கதவைக்கூட மெதுவாகச் சாத்துவார். "எங்க வீட்டுக்கு ஒருத்தர் வர வேண்டியிருக்குங்க" என்று இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள். இரண்டாவது தடவை அவர் வந்துபோன ராத்திரி, சாப்பாட்டில் சேணக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகள் நிமிர்ந்து பார்த்ததும் தண்ணீரைக் குடித்தார். செத்தவனுக்கான அழுகை என்றைக்காவது ஓயும் என்று நம்பித்தான் அவர் பேசாமல் இருந்தார். ஆனால் மகள் அழவில்லை, காத்திருந்தாள். அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

மாப்பிள்ளை போன பன்னிரண்டாவது வருடம், வயிற்றுவாரில் ஓட்டை போட இடம் தீர்ந்தது. சேணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. சேணக்காரருக்குக் கை நடுக்கம் வந்திருந்தது, குத்தூசி வாரில் நிற்காமல் வழுக்கியது.

"இனிமே முடியாதும்மா," என்றார். "பாவம்மா இது. இத்தனை வருசமா ஒரு தடவைகூடப் படுக்கல."

மகள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். காலியின் இடது பக்கம் போய் அங்கவடியை மேலே ஏற்றி, வாரின் நுனியை உள்ளே செருகினாள். வார் தானாகவே மடங்கிக்கொண்டது. மடிய வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய மடிப்பு இருந்தது, செருகியபடியே ஆற்றில் ஊறி விழுந்த, எத்தனை எண்ணெய்க்கும் போகாத மடிப்பு. வலது பக்கமும் அதே மாதிரி. சேணக்காரர் குத்தூசியைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே. எண்ணெய் பூசறது நான்தானேப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க அவ்வளவு அவசரமா அங்கவடியை இறக்கி விட்டீங்க. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவீங்க."

அவள் கடிவாளத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வயிற்றுவாரின் பக்கிளை அவிழ்த்தாள். சேணம் அவள் கைகளில் வந்து விழுந்தது. உள்பக்கம் சூடாக, வியர்த்திருந்தது. எதுவோ உடம்பை நீளமாக ஒரு முறை உதறிக்கொண்டது, தோல் சீவல்கள் மேசையிலிருந்து பறந்தன. பிறகு குளம்புச் சத்தம் பட்டறையைத் தாண்டி, படியிறங்கித் தெருவுக்குப் போனது. ரொட்டிக்கடைக்காரர் தன் தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்தி அதற்கு வழி விட்டார். சத்தம் தெருமுனையில் திரும்பித் தேயும்வரை மகள் சேணத்தை இறக்கி வைக்கவில்லை.

"அவரு முழுகலப்பா," என்றாள். "அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, இறங்கி, அங்கவடியை ஏத்திச் செருகி, வீட்டுக்குப் போன்னு இதைத் தட்டி விட்டுட்டு, அவரு பாட்டுக்கு நடந்து போயிட்டாரு. இதுதான் திரும்பி வர்றப்ப ஆத்துல போயிருச்சு."