விளங்காத மாதிரி

கணவனின் பிரேதத்தின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் கேதீஸ்வரி. முடிச்சு வழுகிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுப் புஸ்பமக்கா குனிந்து அவள் காதருகில் சொன்னாள்.

"புள்ள, உன்ட புருசன்ட தம்பி திவாகரன் வந்து படலையில நிக்கிறான். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளுக்கு வாறானில்ல."

அவன் ஏன் வரமாட்டான் என்பது கேதீஸ்வரிக்குத் தெரியும். மகள் நிருஷா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கன்று திவாகரன் குடித்துவிட்டு வந்தான். பந்தியில் கேதீஸ்வரியின் அண்ணனோடு சண்டை பிடித்துச் சோற்றுக் கிடாரத்தைத் தள்ளி விழுத்தினான். அவனை வெளியே விட்டுப் படலையைச் சாத்தும்போது அவள்தான் சொன்னாள்: "இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. இனி இதுக்குள்ள நீ கால் வைக்கப்படாது." கணவன் உதயரூபன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் தம்பிக்கு மட்டும் சொன்ன சொல்லாக அவனுக்குக் கேட்டிருக்காது என்பது அவளுக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவனும் திவாகரன்தான். அவள் எழுந்து போனாள்.

கரடியனாற்று வட்டை வயலிலிருந்து நேரே வந்திருக்கிறான். சாரத்தின் ஓரத்தில் சேறு காயவில்லை. செருப்பைப் படலைக்கு வெளியே கழற்றி வைத்திருந்தான்.

"உள்ளுக்கு வாங்க தம்பி."

"வரலாமா மச்சாள்?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அனுமதி கேட்டான். அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உள்ளே வந்தவன் அண்ணனின் கால்மாட்டில் இருந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான். அழுது ஓய்ந்த பிறகு நிமிர்ந்து கேட்டான்.

"அண்ணன் என்னைக் கேட்டவரா மச்சாள்?"

தலைமாட்டில் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நிருஷாவின் கை நின்றது.

"அவருக்குத்தான் கதை பேச்சு இல்லாமப் போயிற்றே," என்றாள் கேதீஸ்வரி. "என்னத்தக் கேக்கிற."

நிருஷா தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரியைத் தூண்டினாள்.

கேதீஸ்வரி கிரான் பாடசாலையில் நாலாம் வகுப்பு டீச்சர். படம் பார்த்துக் கதை எழுதுவதைச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு நல்ல பெயர். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் "இது ஒரு குளம். குளத்தில் தண்ணீர் உண்டு" என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் முதலில் பென்சிலைத் தொடவே விடமாட்டாள். படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டுப் பிள்ளைகளைக் கதைக்க விடுவாள். "குளத்தப் பாக்காதீங்க. ஆக்கள்ட கையப் பாருங்க, முகத்தப் பாருங்க. அங்கதான் கதை இரிக்கு. இதுக்கு முதல் என்ன நடந்திரிக்கும்? மறுகா என்ன நடக்கும்?" என்று கேட்பாள். அரை மணித்தியாலத்தில் வகுப்பு சந்தையாகிவிடும். அதற்குப் பிறகுதான் கொப்பி திறக்க வேண்டும்.

செங்கலடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த உதயரூபன் பாரிசவாதத்தில் விழுந்து, வலப்பக்கமும் பேச்சும் போய்ப் படுத்தபோது, வகுப்பிலிருந்த படமட்டைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சோறு, தண்ணீர், கோயில், வைத்தியர். அவன் இடக்கையால் ஒன்றை எடுத்து நீட்டுவான். அவள் செய்துகொடுப்பாள். முதல் நாள் அவன் தேத்தண்ணிப் படத்தை எடுத்து நீட்டியபோது இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஒருநாள் அவன் எடுத்தது கதை எழுதும் வகுப்புப் படமொன்று. குளக்கட்டின் மேல் நின்று ஒரு பெரிய பொடியன் குனிந்து, தண்ணீரில் நிற்கும் சின்னப் பொடியனைக் கை கொடுத்துத் தூக்குகிறான்.

"குளிக்கோணுமா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். இல்லை. விரலைச் சின்னப் பொடியன் மேல் வைத்து அழுத்தினான்.

அவளுக்கு உடனே விளங்கியது. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவோ அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான். ஆனால் திவாகரனைக் கூப்பிடுவதென்றால் அவள்தான் தொலைபேசி எடுக்க வேண்டும், அவள்தான் படலையைத் திறந்து வாங்க என்று சொல்ல வேண்டும். தன் அண்ணனுக்கு என்ன சொல்வது, ஊர் என்ன சொல்லும். கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். சுடுதண்ணீர் கொண்டுவந்து அவன் உடம்பைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த நாளும் அதே படம். அதற்கு அடுத்த நாளும்.

"அம்மா, அப்பா சித்தப்பாவயா கேக்கிறார்?" என்று நிருஷா கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியா. பேசாம இரி."

உதயரூபன் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். அன்று பின்னேரம் அந்த மட்டையைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சோறு, தண்ணீர் மட்டும்தான்.

பறைமேளம் ஓய்ந்திருந்த நேரம் பாடசாலை ஆட்கள் மாலையோடு வந்தார்கள். அதிபர் மங்கையற்கரசி பிரேதப் பெட்டிக்கு முன் நின்று நாலு வார்த்தை பேசினார்.

"எங்கட டீச்சர் சும்மா டீச்சரில்ல. கதை இல்லாமக் கிடந்த மனுசனோட படத்தால கதைச்சவ. அவர் ஒரு படத்த எடுத்தாப் போதும், அவர்ட மனசில என்ன இரிக்கெண்டு வாசிச்சிருவா. ஆசிரியர்மாருக்கு நடந்த கருத்தரங்கில இத அவவே சொன்ன நேரம் எங்களுக்கெல்லாம் கண் கலங்கினது."

சனம் உச்சுக்கொட்டியது. கேதீஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்று புஸ்பமக்கா முதுகைத் தடவினாள். அந்தக் கையை எடுக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாடசாலை ஆட்கள் வெளியே போனதும் திவாகரன் கிட்ட வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"படத்தால கேப்பாராமே மச்சாள். என்னக் கேக்கிறத்துக்கு அதில படம் ஒண்ணும் இரிக்கல்லயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். நிருஷா விளக்கடியில் இருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தது," என்றாள் கேதீஸ்வரி. "எடுத்தவர். ஒருக்கா இல்ல, கனதரம். எனக்கு விளங்கினது தம்பி. விளங்காத மாதிரி இருந்திட்டன்."

பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். புஸ்பமக்காவின் கை தானாகவே விலகியது.

"என்ன படம்?"

சொன்னாள்.

"அதில யாரக் காட்டினவர்? பெரியவனயா, சின்னவனயா?"

"சின்னவன."

திவாகரன் தலையை ஆட்டினான். சின்ன வயதில் அப்படி ஏதும் நடந்ததா என்று அவளுக்குத் தெரியாது; அவன் சொல்லவும் இல்லை. தோளிலிருந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"நேரமாகுது," என்றான் அங்கே நின்ற ஆண்களைப் பார்த்து. "தூக்குவம்."

பறை மறுபடி அதிர்ந்தது. கொள்ளிக்குடத்தோடு அவன் முன்னே நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி ஒழுங்கையைத் தாண்டிச் சவக்காலைப் பக்கம் திரும்பும்வரை பெண்கள் நின்று கத்தி அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கேதீஸ்வரியோடு யாரும் கதைக்கவில்லை.

வீடு கழுவ வேண்டும். கிணற்றில் அள்ளி வாளி வாளியாக ஊற்றினாள். ஒரு தும்புத்தடியை எடுத்துச் சுவாமியறைப் பக்கமிருந்து தேய்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நிருஷா இன்னொரு தும்புத்தடியோடு வந்து வாசல் பக்கமிருந்து தேய்த்தாள். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் மண்டபத்தின் நடுவை நோக்கி வந்தார்கள். நசுங்கிய பூவும் மஞ்சள் தண்ணீரும் அவர்கள் கால்களுக்கிடையில் சேர்ந்தன.

இரண்டு எட்டு இடைவெளி இருக்கும்போது நிருஷா நின்றாள். தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழுகாமல் ஓரமாக நடந்து வெளியே போனாள்.

கேதீஸ்வரி மிச்சத்தைத் தேய்த்தாள்.