விளக்குக்காரனின் இரண்டாம் பாகம்

விளக்குக்காரனை அரூருக்குக் கொண்டுவந்தவன் ராஜமேரியின் கணவன் ஞானராஜ். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். எண்பத்தைந்தில் லீவுக்கு வந்தபோது, விமானத்தில் பொழுது போக வாங்கினேன் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேமைப் பெட்டியிலிருந்து எடுத்தான். திரும்பிப் போகையில் அதை மறந்துவிட்டுப் போனானா, அவளுக்கென்று விட்டுவிட்டுப் போனானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு எழுதவும் இல்லை.

ஆட்டம் எளிமையானது. சாம்பல் நிறத் திரையில் ஒரு கலங்கரை விளக்கம். கீழே எண்ணெய்க் குடுவையோடு ஒரு குட்டி ஆள். தளம் தளமாகத் தாவி ஏறி, ஏழாவது தளத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். நடுநடுவே படிகள் காணாமல் போகும். நண்டு குறுக்கே வரும். கடல் பறவை ஒன்று தலைக்கு நேராகப் பாயும். மூன்று தடவை விழுந்தால் முடிந்தது. மேல்மூடியில் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்தது. அரூரில் அதற்கு விளக்குக்காரன் என்றுதான் பெயர்.

ராஜமேரி பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பது. பத்து விரலும் பழகிய விரல்கள். ஆறே மாதத்தில் மதிப்பெண்ணில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டாள். திரையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். அதைத் தாண்டியதும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பயந்துபோய், கெட்டுவிட்டதோ என்று கடிகாரக் கடை சவரிராயனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கெடலீங்க டீச்சர். நீங்க ஆட்டத்தையே முடிச்சுட்டீங்க" என்றார் சவரிராயன்.

அந்த ஆட்டத்துக்கு வேண்டிய பொத்தான் பேட்டரி, ஊரில் அவர் கடையில் மட்டும்தான் கிடைக்கும். சேலத்திலிருந்து வரவழைப்பார். அதனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். ஞாயிறு பிற்பகலில் கடைக்கு முன்னால் பெஞ்சு போட்டு, நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுவார்கள், பேசுவார்கள். ராஜமேரி வந்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள். "அஞ்சாவது மாடி நண்ட எப்படிங்க தாண்டறது?" என்று பார்சல் ஆபீஸ் குமாஸ்தா மாதேஸ்வரன் கேட்பான்.

"நண்டப் பாக்காதீங்க. பறவையப் பாருங்க. அது றெக்கைய மடிச்சதும் தாவுங்க."

அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவள் மெஷின்களுக்கு ரிப்பன் மாற்றுகிறவள், மாதம் ஒரு கடிதத்துக்குக் காத்திருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள்.

அவள் இருந்த வரிசை வீட்டில் அடுத்த வீடு கோவிந்தம்மாளுடையது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. தாயோடு இருந்தாள். ராஜமேரியைவிட நாலு வயது சின்னவள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகி, ஒருத்தி குழம்பு வைத்தால் மற்றவள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும் அளவுக்கு ஆகியிருந்தது. கோவிந்தம்மாளைக் கடைக்கு முதலில் அழைத்துப்போனதும் ராஜமேரிதான்.

எண்பத்தேழில், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருந்த கோவிந்தம்மாளின் அண்ணன், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினான். அவள் பிரித்தது ராஜமேரி வீட்டில் வைத்துத்தான்.

"அக்கா, பாருங்க்கா! அதே ஆளு!"

மடக்கித் திறக்கிற பெட்டி. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மேல் திரையில் அதே கலங்கரை விளக்கம். கீழே கடல். இப்போது விளக்குக்காரன் படகுக்குப் படகு தாவி, கயிற்றைப் பிடித்து ஊசலாடி, பிறகு கட்டடத்தில் ஏற வேண்டும். எண் நாலு இலக்கம். விளக்கு எரிந்தால் ஒரு சின்ன மெட்டு வேறு.

"நல்லாருக்குது" என்றாள் ராஜமேரி. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்தாள். பால் இல்லை.

அந்த ஞாயிறு கடை முன்னால் கோவிந்தம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராஜமேரி வந்ததை யாரும் பார்க்கவில்லை. மாதேஸ்வரன் கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் விழுந்துவிடுவான் போலிருந்தான்.

"இதாங்க ஆட்டம். பழசுல எப்படி அமுக்கினாலும் ஒரே தாவல். இதுல அமுக்கிப் புடிச்சா நீளமாத் தாவறான், விட்டா கொஞ்சமாத் தாவறான்."

"அப்படின்னா தப்பா அமுக்கினாலும் தப்பிச்சுக்கலாம்" என்றாள் ராஜமேரி. "பழசுல அது முடியாது. ஒரு நொடி தப்பினா செத்தான். அதுலதான் கெட்டிக்காரத்தனம் இருக்குது."

"ரெண்டாவது பாகம்னா புதுசா ஏதாச்சும் இருக்கோணும்ல டீச்சர்? அதே ஏழு மாடியவே ஏறிட்டு இருந்தா எதுக்கு இன்னொண்ணு?"

"புதுசுன்னா வேற ஆள வெக்கட்டும். இவனக் கயித்துல தொங்கவுட்டு, படகுல தாவவுட்டு... இவன் வெளக்குக்காரனா, கொரங்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாளும் சிரித்தாள். ஆனால் தலையைத் தூக்கவில்லை. விரல் ஓடிக்கொண்டே இருந்தது. சவரிராயன் கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு, "ரெண்டையும் தெறந்து பாத்தவன் சொல்றேன். இது உழைச்சுச் செஞ்சதுங்க" என்றார். ராஜமேரிக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே வாக்குவாதம். முதல் பாகமா, இரண்டாம் பாகமா. முதலில் ராஜமேரி பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வேலை மாற்றலாகிப் போனார். இன்னொருவர் இரண்டாம் பாகத்தை ஒரு தடவை ஆடிப் பார்த்தார், அத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டார். ராஜமேரி மட்டும் அதைக் கையில் வாங்கவே இல்லை. "எனக்கு வேணாம்" என்பாள். ஆனால் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சின்ன மெட்டு கேட்கும்போதெல்லாம் எண்ணினாள். இன்று மாலை நாலு தடவை விளக்கு எரிந்தது. இன்று ஏழு தடவை.

கோவிந்தம்மாளின் உச்ச எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் திரையில் வந்து நிற்கும். மாதேஸ்வரன் இரண்டு நாள் வாங்கிப் போய் ஆடிப் பார்த்தான். அறுநூறைத் தாண்ட முடியவில்லை. "உங்க நம்பர ஒரு நாள் அழிச்சுக் காட்டறேன் பாருங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ராஜமேரியோடு யாரும் அப்படிப் பந்தயம் கட்டியதில்லை. அவளிடம் கேட்பார்கள், கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

தீர்த்தமலைத் தேருக்குக் கோவிந்தம்மாளும் அவள் அம்மாவும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். போகும்போது பெட்டியை ராஜமேரி கையில் திணித்தாள்.

"கூட்டத்துல எங்காச்சும் வுழுந்துரும். வெச்சிருங்க்கா. ஒரு தடவ ஆடித்தான் பாருங்களேன்."

ராஜமேரி அதை இன்ஸ்டிடியூட்டுக்கு எடுத்துப்போனாள். தேர்நாள் என்பதால் யாரும் வரவில்லை. ஆடினாள். முதல் ஆட்டம் நாற்பது. அடுத்தது நூற்றுப் பத்து. கயிற்றை விட்டுத் தாவும்போது மேல் திரைக்குள் அவன் போய்ச் சேருகிற அந்த இடம், ஒரு கணம் இரண்டு திரையிலும் இல்லாமல் இருந்துவிட்டு மேலே தோன்றுகிற இடம், அவள் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. மதியம் சாப்பிடாமல் ஆடினாள். மூன்று மணிக்கு ஐந்நூற்று எண்பது. அதற்கு மேல் போகவில்லை. பழைய ஆட்டத்தின் பழக்கம் விரலை முன்கூட்டியே இழுத்தது.

பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். 1216.

டைப் மெஷினின் எழுத்துகளில் அடைத்த மையைக் குத்தி எடுக்க ஒரு குண்டூசி மேசைமேல் எப்போதும் இருக்கும். பெட்டியின் பின்மூடியைத் திறந்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஊசியை விட்டு அமுக்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். சவரிராயன் செய்வதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நொடிகூடத் தயங்காமல் அமுக்கினாள். அதுதான் பின்னால் அவளை உறுத்தியது.

மாலையில் சில ஆட்டங்கள் ஆடி ஐம்பதோ அறுபதோ வைத்து, துடைத்துக் கொடுத்தாள். "எனக்குச் சரிப்படலடி" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் கோவிந்தம்மாள் பார்த்தாள். நேரே ராஜமேரியிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நம்பர் போயிருச்சுக்கா. மாதேசு வேலதான் இது. அழிச்சுக் காட்டறேன்னு சொல்லிட்டே இருந்தான்ல? அவன் குடுத்தப்பறம் நான் பாக்கவே இல்ல."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவனா?" என்று மட்டும் கேட்டாள் ராஜமேரி. பாதி கேள்வியாகவும் பாதி ஆமோதிப்பாகவும் அது வெளியே வந்தது.

கோவிந்தம்மாள் பார்சல் ஆபீசுக்கே போய், நாலு பேர் முன்னால் அவனைக் கேட்டுவிட்டாள். அவன் இல்லை என்றான். அவள் நம்பவில்லை. மாதேஸ்வரன் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினான். பிறகு கோவிந்தம்மாளும் நிறுத்தினாள். ஞாயிறுகளில் பெஞ்சில் ராஜமேரியும் வேறு இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். பழையபடி அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஞானராஜிடமிருந்து பார்சல் வந்தது. முன்பு எப்போதோ பொறாமையில் இரண்டாம் பாகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அவன் அதைவிடப் புதியதாகத் தேடி அனுப்பியிருந்தான். பழைய விளக்குக்காரனையே மறுபடி செய்திருந்தார்கள். பெரிய திரை, பின்னால் நீலக்கடலும் மஞ்சள் வானமும், ஏழு தளத்துக்கும் ஏழு மெட்டு. அன்றே கடைக்கு எடுத்துப்போனாள்.

சவரிராயன் ஆடிப் பார்த்தார். "கலரெல்லாம் பிரமாதமா இருக்குதுங்க. ஆனா..."

"ஆனா?"

"அவன் தாவறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிக நேரம் நிக்கறாங்க. பழசுல நிக்க மாட்டான். நீங்க பாக்கலியா?"

முதல் தாவலிலேயே பார்த்திருந்தாள். வேறு யாராவது இருந்திருந்தால் இதன்மேல் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கலாம். பழசை அப்படியே விட்டிருக்கலாமா, மாற்றினால் எதை மாற்றலாம், நண்டுக்கு எதற்குச் சிவப்பு என்று மாதேஸ்வரன் கத்தியிருப்பான். கோவிந்தம்மாள் தலையைத் தூக்காமலே ஒரு பதில் சொல்லியிருப்பாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும், "டீச்சர் சொன்னா சரிதானுங்க" என்றார்கள்.

மறுநாள் காலை குழாயடியில் குடம் நிறையும்போது ராஜமேரி சொன்னாள்.

"கோவிந்து. அந்த நம்பர அழிச்சது மாதேசு இல்ல. நான்."

கோவிந்தம்மாள் குழாயை மூடினாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

"தெரியாமக் கை பட்டுருச்சாக்கா?"

"இல்ல. ஊசி வுட்டு அழிச்சேன்."

"ஏங்க்கா?"

"பொறாம." அந்தச் சொல்லை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. "நீ ஆடறதப் பாத்து. அவங்க எல்லாம் உன்ன சுத்தி உக்காந்திருந்ததப் பாத்து."

"ஒரு ஆட்டத்துக்காக அவன நாலு பேரு முன்னாடி திருடன் மாதிரி நிக்க வெச்சேனே..." கோவிந்தம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ராஜமேரி அன்று மதியமே பார்சல் ஆபீசுக்குப் போனாள். வெற்றிலைக் கூடைகளுக்கும் சாக்கு மூட்டைகளுக்கும் நடுவே மாதேஸ்வரன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடவில்லை.

"நீங்களா? ஊர்லயே நீங்கதானுங்க பெரிய ஆளு" என்றான். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. லாரிக்காரன் கூப்பிட்டான் என்று எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறு போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். நாலு மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கடை முன்னால் கோவிந்தம்மாளும் மாதேஸ்வரனும் இருந்தார்கள். பெஞ்சின் இரண்டு ஓரத்தில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. சவரிராயனிடம் அவள் விட்டுப்போன புது ஆட்டம் மாதேஸ்வரன் கையில் இருந்தது.

"நண்டுக்கு எதுக்குங்க செவப்பு? வேகாத நண்டு செவப்பாவா இருக்கும்?" என்றான் பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

கோவிந்தம்மாள் தன் பெட்டியை ஆடிக்கொண்டிருந்தாள். ராஜமேரி நின்றபடியே, "மூணுல எது நல்லதுன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றான் அவன்.

"ரெண்டாவது பாகந்தான்." ராஜமேரி கோவிந்தம்மாள் கையிலிருந்த பெட்டியைக் காட்டினாள். "அந்தக் கயித்த வுட்டுட்டு மேல போறான்ல, ரெண்டு தெரையிலயும் இல்லாம... அது மாதிரி மத்த ரெண்டுலயும் எதுவும் இல்ல. அன்னிக்கே தெரியும் எனக்கு."

கோவிந்தம்மாள் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். விளக்குக்காரன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ராஜமேரி கையை நீட்டினாள். "ஒரு ஆட்டம் குடுக்கறியா?"

"இன்னிக்கி வேணாம்."

மாதேஸ்வரன் ஓரத்திலிருந்து நகர்ந்து கோவிந்தம்மாளின் திரையை எட்டிப் பார்த்தான். எண்ணூற்று நாற்பது என்றான். அவள் பெட்டியை அவன் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். அவன் நகர்ந்ததில் பெஞ்சின் இந்த ஓரத்தில் இடம் விழுந்தது. ராஜமேரி அதில் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தெரியவில்லை. அவர்கள் முகம் மட்டும் தெரிந்தது. அவள் எழுந்து போகவில்லை.