நெய்ச்சாளை

கோமளவல்லி முதன்முதலாக மீன் தின்றது முட்டத்துக் கடற்கரையில் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் தையல் அறையில். கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றாள். கூட வேலை பார்த்த ரீத்தா டீச்சர் சன்னலோரம் நின்று வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷத்து ஆவணி அது. கோமளவல்லியின் வீடு இரணியலுக்குப் பக்கத்து ஊரில் இருந்தது. மீன் கூடைக்காரி வழிதவறி வந்துவிட்டால் அவள் போன பிறகு வாசலில் சாணித் தண்ணீர் தெளிக்கிற சைவத் தெரு. அந்தத் தெருவிலிருந்து பஸ் ஏறி வந்து வாத்திச்சி வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. சாக்பீஸைப் பிடித்துக் கரும்பலகையில் ‘அ’ போடுவதற்குள் கண்ணில் நீர் முட்டும். சேலைக் கொசுவத்தை வடிவாம்பாள்தான் மடித்துச் செருகிவிட வேண்டியிருந்தது.

வடிவாம்பாள் அவள் கணவன் தாணப்பனின் அக்காள். இளம் வயதிலேயே தாலி அறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கோமளவல்லிக்கு அவள் அத்தை மகள் முறையும்கூட. அடுப்படி அவள் ராஜ்ஜியம். வாய் கொஞ்சம் நீளம். கொசுவத்தைச் செருகும்போதே, “நல்ல ஆளைப் பிடிச்சான் எந்தம்பி, சேலைகூடக் கெட்டத் தெரியாதவளை” என்பாள். ஆனால் செருகியபின் அந்த வீங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதிவிடுவாள். அவளுக்கும் அதே நோய் இரண்டு முழங்காலிலும் இருந்தது. குடும்பத்தில் ஓடுகிற நோய் என்றார்கள்.

தாணப்பன் தாலுகாக் கச்சேரியில் கிளார்க்கு. மனைவியை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மாத்திரை தாறேன். சோறு தின்னுட்டுப் போடணும், இல்லைன்னா வயிறு எரியும். மீனெண்ணெயும் குடிச்சுப் பாக்கலாம். மீன்ல உள்ள கொழுப்பு வீக்கத்தையும் வலியையும் அடக்கும்னு டாக்டர்மாரு சிலபேரு நம்புகாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண முடியாது.”

“நாங்க சைவமாக்கும்” என்றான் தாணப்பன்.

“அப்பம் மாத்திரை மட்டும் போடட்டும்.”

மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. நிறுத்தியதும் விரல்கள் முன்பைவிட வீங்கின. எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரி, இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று ரீத்தாவிடம் கோமளவல்லி எல்லாவற்றையும் கொட்டினாள். மறுநாளே ரீத்தா ஒரு குப்பியில் மீனெண்ணெய் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி உள்ளே போனதும் கோமளவல்லி கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

“எங்க அப்பச்சனும் மூக்கைப் பொத்திட்டுத்தான் குடிப்பாரு” என்றாள் ரீத்தா, அவள் முதுகைத் தடவியபடி. “இது ஒத்துக்கிடாது டீச்சர். மீனாட்டுத் தின்னு பாருங்க. இப்பம் நெய்ச்சாளை படுகிற காலம். சட்டியில போட்டா அதுக்க நெய்யே மேல மெதக்கும். டாக்டரு சொன்ன கொழுப்புத்தானே அதுவும்?”

“பாவம் வராதா ரீத்தா?”

“எனக்கு அதைப்பத்திச் சொல்லத் தெரியாது. ஒங்க கையைப் பாத்தா எனக்கு வெப்ராளமா, அழுகையா வருகு, அவ்வளவுதான்.”

அப்படித்தான் தையல் அறைக்கு வந்து சேர்ந்தாள். தூக்குச்சட்டியில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், புளியும் மிளகாயும் அரைத்துவிட்ட சாளைக் குழம்பும் இருந்தன. முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அடுத்த வாய்க்கு ரீத்தா வந்து முள்ளை எடுத்துக் கொடுத்தாள். தின்று முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், மறுபடி கழுவினாள், கிராம்பைக் கடித்துக்கொண்டே பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் வடிவாம்பாள் நீட்டிய காப்பியை எட்டி நின்று வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி வந்தபோது கோமளவல்லிக்கு ஒன்று தெரிந்தது. மதிய மணி எப்போது அடிக்கும் என்று அவள் காத்திருக்கிறாள். மருந்துக்காக யாரும் சட்டியை வழித்து நக்குவதில்லை. அவள் நக்கினாள். அந்த ருசிதான் அவளை அதிகம் வதைத்தது. கசப்பாக இருந்திருந்தால் கடவுளிடம் சொல்ல ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

இதற்கிடையில் வடிவாம்பாள் ஒரு காரியம் செய்திருந்தாள். கோமளவல்லியின் கை குணமாகும்வரை தேங்காயும் எண்ணெயும் தொடமாட்டேன் என்று குமாரகோயில் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். தேங்காய் அரைக்காத குழம்பு அந்தப் பக்கத்தில் குழம்பே இல்லை. மற்றவர்களுக்கு மணக்க மணக்கத் தாளித்து வைத்துவிட்டு, தான் வெறும் புளித்தண்ணீரை ஊற்றிப் பிசைந்து தின்றாள்.

தை மாதத்தில் கோமளவல்லி தானாகவே கொசுவம் மடித்தாள். காலை விறைப்பு குறைந்தது. வீக்கம் வற்றி, விரல் மூட்டுகளில் பழையபடி சுருக்கங்கள் தெரிந்தன. ஒருநாள் இடியாப்ப உரலை அவளே பிழிந்தபோது வடிவாம்பாள் கையிலிருந்த அகப்பையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

“கண் தொறந்துட்டான்! எம்முருகன் கண் தொறந்துட்டான்ட்டி!”

கோமளவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். கோமளவல்லி வெடுக்கென்று கையை இழுத்தாள்.

“ஏன்ட்டி, வலிக்கா?”

“இல்லை மைனி. மாவாட்டு இருக்கு.”

நகக்கண்ணில் மீன் வாடை இருக்குமோ என்றுதான் இழுத்தாள்.

குமாரகோயிலுக்கு வண்டி பிடித்துப் போனார்கள். அர்ச்சனை முடிந்து வடிவாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற கோமளவல்லிக்குச் சாமியைப் பார்க்க முடியவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்ததும் சேதி தெருவெல்லாம் பரவியது. மூலை வீட்டு உலகம்மை, கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாதவள், வடிவாம்பாளிடம் வந்து தனக்காகவும் நேர்ந்துகொள்ளச் சொல்லி அழுதாள். விதவை என்று விசேஷ வீடுகளில் கண்ணில் படாமல் ஒதுங்கியே பழகியவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வடிவாம்பாளின் முதுகு நிமிர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, சொல்லவேண்டியது கோமளவல்லியின் தொண்டைக்குள் இன்னும் ஆழத்தில் போய் இறங்கியது.

பங்குனியில் வடிவாம்பாள் தன் முழங்காலுக்காக நேர்ந்துகொண்டாள். இந்த முறை விரதம் கடுமை. எண்ணெய், தேங்காய், நெய், பால், மோர் எதுவும் இல்லை, ஒருவேளைச் சோறு.

“இந்த வயசுல இது வேண்டாம் மைனி” என்றாள் கோமளவல்லி.

“ஒனக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காண்டாமா?”

வடிவாம்பாளின் தோலில் சொரசொரவென்று வெள்ளை பூத்தது. தோள் எலும்பு துருத்தியது. முழங்கால் மட்டும் பனங்காய் போல வீங்கிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் கோமளவல்லி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வடிவாம்பாள் அம்மியடியில் உட்கார்ந்திருந்தாள். அரைத்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது; எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடக் கௌரவம் விடவில்லை. கோமளவல்லி கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி அடுப்படிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தாள்.

“ஒனக்கு எறங்கினவன் எனக்கு எறங்கமாட்டேங்கான்” என்றாள் வடிவாம்பாள், மூச்சு வாங்கியபடி. “எங்கிட்டத்தான் கோமளம் என்னவோ கொறை இருக்கு. என்ன பாவம் செஞ்சேன்னு தெரியல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்.”

கோமளவல்லியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

“ஒங்ககிட்ட ஒரு கொறையும் இல்லை மைனி. நான் மீன் தின்னேன். அதுலதான் எனக்குக் கொறைஞ்சுது.”

வடிவாம்பாளுக்கு முதலில் விளங்கவில்லை. கோமளவல்லி டாக்டர் சொன்னதையும், எண்ணெய்க் குப்பியையும், தூக்குச்சட்டியையும் சொன்னாள்.

“எப்பம் தொடங்கி?”

“ஆவணி தொடங்கி.”

“அப்பம் கோயிலுக்குப் போனோமே?”

“அதுக்கு முந்துன நாளும் தின்னேன்.”

வடிவாம்பாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அந்த உலகம்மைகிட்ட நான் என்னட்டி சொல்லுவேன்?”

திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்றெல்லாம் கோமளவல்லி நினைத்திருந்தாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

“ருசியாட்டு இருக்குமோ?”

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “இருக்கும் மைனி.”

வடிவாம்பாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“டாக்டருகிட்டச் சொல்லி அந்த எண்ணெயை ஒங்களுக்கும்... மருந்தாட்டு நெனைச்சு...”

“வாயை மூடு. போ அந்தால.”

தம்பியிடம் அவள் சொல்லவில்லை. விரதத்தை மட்டும் விட்டுவிட்டாள். தாணப்பன் காரணம் கேட்டதற்கு, “பெலன் இல்லை” என்றாள். உலகம்மை வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பிறகு உலகம்மை வருவதும் நின்றது. சாமி விளக்கேற்றக் கோமளவல்லி திரியை எடுத்தால், “அங்க வை” என்று சொல்லிவிட்டு, தானே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் ஏற்றினாள்.

மைனியிடம் உண்மையை ஒப்புக்கொண்ட மறுநாளே கோமளவல்லி ரீத்தாவிடம் சொல்லிவிட்டாள். “இனி எனக்குக் கொண்டுவர வேண்டாம்.”

“நான் தந்தது தப்பாப் போச்சோ?” ரீத்தாவின் முகம் வாடிவிட்டது.

“நீ தந்தது தப்பில்லை. நான் மறைச்சதுதான்.”

சித்திரையும் வைகாசியும் போயின. ஆனியில் மழையோடு வலி திரும்பி வந்தது. மறைத்துப் பார்த்தாள். ஒரு காலையில் சோற்றுப்பானையை வடிக்கச் சாய்த்தபோது விரல்கள் பிடிகொடுக்கவில்லை. பானை சரிந்து கஞ்சியும் சோறும் அடுப்பிலும் அவள் காலிலும் கொட்டின. தாணப்பன் அப்போதுதான் குளிக்கப் போயிருந்தான். வடிவாம்பாள் தவழ்ந்தபடி வந்து சேலைத் தலைப்பால் அவள் காலைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவள் கைகளைப் பார்த்தாள்.

“விட்டுட்டியா?”

“ம்.”

“எதுக்கு?”

“ஒங்களை அப்பிடி ஆக்கிட்டு நான் எப்பிடித் தின்னுகது?”

“நல்லா இருக்கே நாயம்! நானும் கெடந்து, நீயும் கெடந்தா, இந்த வீட்டுல தண்ணி கோர யாரு இருக்கா? நாளைக்கே தின்னு. எங்கிட்ட வந்து தின்னேன்னு சொல்லாதே. கேக்கப்பிடாது எனக்கு.”

“நீங்களும் அந்த எண்ணெயை...”

“நான் மாட்டேன். சாமிகிட்டச் சொன்னதுக்காக இல்லை. எனக்கு மனசு வராது. அதை விடு.” சோற்றுப் பருக்கைகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “மீனு மட்டும்னு நீ நெனைக்காதே, கேட்டியா? நான் வேண்டிக்கிட்டதும் அதுல உண்டு.”

“உண்டு மைனி” என்றாள் கோமளவல்லி உடனே. அது உண்மையா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. டாக்டரும் சத்தியம் பண்ண முடியாது என்றுதானே சொன்னார். உண்மையாக இருக்கவேண்டும் என்று மட்டும் அவள் ஆசைப்பட்டாள்.

மறுபடி தின்னத் தொடங்கினாள். இப்போது கதவைச் சாத்தவில்லை. ஆனாலும் தலை குனிந்தே தின்றாள். அடுத்த மார்கழிக்குள் கை ஓரளவு சரியானது. வடிவாம்பாளின் முழங்கால் சரியாகவில்லை. வைத்தியர் கொடுத்த தைலத்தைச் சூடாக்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் கோமளவல்லி தினமும் தேய்த்துவிட்டாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சாளை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் தைலக் கிண்ணத்தை எடுத்தாள். வடிவாம்பாள் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னும் அழுத்திப் பிடி. ஒனக்குத்தான் இப்பம் கையில நல்ல பெலன் உண்டும்லா.”

அதில் குத்தல் இருந்ததா, வெறும் வார்த்தைதானா என்று கோமளவல்லிக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. குனிந்து இன்னும் அழுத்திப் பிடித்தாள்.