குப்பையில் குடியிருந்தவர்கள்

வீட்டில் அவளுக்குப் பளிங்கு என்று பெயர். அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். கணவன் போனபின் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல், அவருடைய கொக்கோத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வம்படியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு துடைப்பத்தைத் தூக்கினாள். உதிர்ந்த இலை, உடைத்த காயின் தோல், எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் கூடையில் அள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டு, வேலியோர மரத்தடியில் தூரத்திலிருந்தே கொட்டிவிட்டு ஓடிவருவாள்.

மரங்களோ அவளுக்குப் பெப்பே காட்டின. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்ப் பொடிப்பூக்கள் வரும், மறுநாளே உதிரும். உரம் வைத்துப் பார்த்தாள், தண்ணீர் விட்டுப் பார்த்தாள். காய் குறைந்துகொண்டே வந்து, இந்த வருஷம் மருந்துக்குக்கூட இல்லை.

"நாளைக்கு ரம்பக்காரர் வர்றார். மரத்தையெல்லாம் வெட்டிடலாம்" என்றார் அண்ணன். "உனக்கு இது ஒத்து வரல. பேசாம வீட்டோட இரும்மா."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

காலையில், ரம்பக்காரர் நிற்க இடம் வேண்டுமே என்று குப்பைக் குவியலை விலக்கப் போனாள். விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். குவியல் மறைத்திருந்த வேலியோர மரத்தின் அடிமரமெல்லாம் காய்!

மண்டியிட்டுப் பார்த்தாள். மட்கிய இலைக்குள் பொடிப் புழுக்கள் நெளிந்தன. கடுகில் பாதிகூட இல்லாத ஈக்கள் அதிலிருந்து எழுந்தன. ஒன்று, தேனீயே நுழைய முடியாத அந்தப் பூவுக்குள் புகுந்து, முதுகில் மகரந்தத்தோடு வெளியே வந்து, வேறொரு பூவைத் தேடிப் பறந்தது. மகரந்தம் பூ விட்டுப் பூ போனால்தானே காய்! மூட்டை மூட்டையாய் உரம் போட்டும் நடக்காததை இந்தத் துக்கடா ஈயல்லவா செய்திருக்கிறது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாடி! உங்களையா நான் கூட்டித் தள்ளினேன்?"

அண்ணன் ரம்பக்காரரோடு வந்தபோது, பளிங்கு கைகொள்ளாமல் குப்பையை அள்ளி மரத்துக்கு மரம் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காய்களைக் காட்டினாள், ஈயையும் காட்டினாள். அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ரம்பக்காரரிடம் திரும்பி, "நீங்க கிளம்புங்க" என்றார்.

மரமெல்லாம் பிஞ்சு பிடித்த பிறகு அண்ணி பார்க்க வந்தார். காலடியில் கிடந்த மட்கிய இலைகளைக் கண்டு முகம் சுளித்து, "நீயா இப்படிப் போட்டு வச்சிருக்க?" என்று அள்ளக் குனிந்தார்.

பளிங்கு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க அண்ணி. உள்ள குழந்தைங்க இருக்கு."