போர்டில் இருந்த தங்கச்சி

நர்சிங் காலேஜில் மரபணுப் பாடம் எடுப்பவள் நான். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு. ஒரு குடும்பத்தை இப்படி வரைந்துவிட்டால் எந்த நோய் யார் வழியாக இறங்குகிறது என்று தெரிந்துவிடும். வருஷா வருஷம் நான் ஒரே குடும்பத்தைத்தான் போர்டில் வரைவேன். அண்ணன்கள் இரண்டு பேர், தசை மெலிந்து இருபது வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள். பக்கத்தில் அக்கா, தங்கச்சி என்று இரண்டு வட்டம். யார் வீடு என்று சொன்னதில்லை. எங்கள் வீடுதான்.

இன்று காலை ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். வைத்தது நான்.

"மிஸ், இது அம்மா வழியா பையன்களுக்கு வர்ற நோய். அப்போ இந்தத் தங்கச்சிக்குப் பையன் பொறந்தா அவனுக்கும் வரலாம்ல?"

"வரலாம்."

"அக்கா நர்சுன்னு போட்டிருக்கீங்க. அவங்க தங்கச்சிகிட்ட சொன்னாங்களா?"

"அதெல்லாம் பாடத்துல இல்ல. உட்காரு."

உட்கார்ந்தாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "சொல்லலைன்னா அவங்க என்ன நர்சு?" என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது அவள் மேல் வந்த கோபம் இல்லை என்று எனக்கே தெரியும்.

மேல்படிப்பு படிக்கும்போது இந்தப் பாடத்தில்தான் அண்ணன்களின் நோயைக் கண்டுபிடித்தேன். அதுவரை ஏதோ காய்ச்சலில் கால் விழுந்துவிட்டது என்றுதான் வீட்டில் பேச்சு. அந்தச் சமயம் தங்கச்சிக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பாவி, அப்புறம் சொல்லவே இல்லை.

போன ஞாயிறு தங்கச்சி போனில் தன் மகனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். "உன் புள்ள சுத்த சோம்பேறிக்கா. கிழவனாட்டம் தொடையில கை ஊனி எழுந்திருக்கிறான்." அண்ணன்களும் அப்படித்தான் எழுந்தார்கள்.

இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இந்த மாதிரி விஷயத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் மார்க் போட்டுச் சொல்லிக்கொடுப்பவள் நான். உட்காரவை, சுற்றி வளைக்காதே, பயப்படாதே என்று சொல்லாதே. மூன்றையும் தப்பாகத்தான் செய்தேன். அவள் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, "பயப்படாதடி" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவள் அழவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சப்பவே தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்போ எத்தனை வருஷமா?"

"பத்து."

கூடத்தில் பையன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்கு ஆறு வயசுதானேக்கா ஆகுது" என்றாள்.